மொறிஸ் மைனருக்கு டிஸ்க் பிறேக் போடலாமா?

தம்பி, உம்முடைய கேள்வியைச் சுருக்கினால் இதுதான். அப்பாவின் 1958 மொறிஸ் மைனர் 1000 கொக்குவிலில் நிற்கிறது. நான்கு சில்லிலும் டிரம் பிறேக். யாழ்ப்பாணத்துக்குள் ஓடுவதோடு, வருடத்தில் இரண்டு மூன்று தடவை ஏ9 வழியாகக் கண்டிக்கும் அங்கிருந்து நுவரெலியாவுக்கும் குடும்பத்தோடு போக விருப்பம். கராஜ் ஒன்றில் சின்ன ஜப்பான் கார் ஒன்றின் பழைய முன் டிஸ்க்கைப் போட்டுத் தருவதாகவும், அது இரண்டு நாள் வேலைதான் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நம்பிப் போடலாமா என்று கேட்கிறீர்.

டிஸ்க் போடலாம். அந்த இரண்டு நாள் வேலை வேண்டாம். மைனருக்கு டிஸ்க் போடுவது புதுமையில்லை, இங்கிலாந்தில் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். ஆனால் உம்முடைய காரில் முதலில் மாற்றவேண்டியது டிரம் இல்லை என்பது என்னுடைய உறுதியான எண்ணம். அதற்குப் போக முதல், அந்த டிரம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். டிஸ்க் மாற்றும்போது விடுகிற பிழைகளில் பாதி, டிரம்மை விளங்காமல் கழற்றுவதால் வருகிறவை.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார் மைனர். 1956இல் 948 சிசி இயந்திரத்தோடு மைனர் 1000 ஆனது, உம்முடையது அதுதான். நான்கு சில்லிலும் 7 அங்குல டிரம். 1962இல் 1098 சிசி இயந்திரம் வந்தபோது முன் டிரம்மை மட்டும் 8 அங்குலமாக்கினார்கள். டிரம்மின் உட்புறத்தில் அழுத்திப் பிடிக்கிற வளைந்த துண்டுதான் ஷூ. முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சிறிய சிலிண்டர்கள், ஒவ்வொரு ஷூவுக்கும் ஒன்று. பின் சில்லில் ஒரு சிலிண்டர்தான் இரண்டு ஷூவையும் தள்ளும்.

முன் ஷூ இரண்டும் டிரம் சுழல்கிற பக்கமாகவே திறக்கும்படி வைத்திருக்கிறார்கள். கதவுக்கு அடியில் ஆப்பு வைத்துவிட்டுக் கதவைத் தள்ளினால் என்ன நடக்கும்? தள்ளத் தள்ள ஆப்பு இன்னும் இறுகும். அதேபோல டிரம்மின் சுழற்சியே ஷூவை இழுத்துத் தன்மேல் இறுக்கிக்கொள்ளும். நீர் பெடலில் கொடுக்கிற விசையைக் கார் தானே பெருக்கிக்கொள்கிறது. பின்னுக்கு எடுக்கும்போது அந்த ஆப்பு வேலை நடக்காது. அதனால்தான் மேட்டில் பின்னுக்கு உருளும்போது மைனரின் முன் பிறேக் சோர்ந்துபோனது போலத் தெரியும்.

டிஸ்க்கில் இந்தப் பெருக்கம் கிடையாது. சில்லோடு சுழல்கிற தட்டை இரண்டு பக்கமும் கவ்வுகிற உராய்வுத் துண்டுதான் பாட், அதைப் பிஸ்டனால் அழுத்துகிற பிடி கலிப்பர். உராய்வுக் குணகம் 0.4 உள்ள பாட் என்றால், இரண்டு பக்கமும் சேர்த்து, அழுத்துகிற விசையின் 0.8 மடங்குதான் நிறுத்துகிற விசையாக வரும். மைனரின் முன் சில்லில் உள்ளதுபோல இரண்டு ஷூவும் சுழற்சியோடு திறக்கிற டிரம்மை ஒழுங்காகச் செப்பம் செய்திருந்தால் அது ஏறக்குறைய மூன்று மடங்கு வரும். ஆகவே டிஸ்க் போட்டவுடன் பெடல் இலேசாகும் என்று நினைக்கவேண்டாம். கலிப்பரின் பிஸ்டன் அளவைச் சரியாகத் தெரிவுசெய்யாவிட்டால், அல்லது மிதிக்கிற விசைக்கு உதவுகிற சேர்வோ போடாவிட்டால், முன்பைவிடக் கூடுதலாக மிதிக்கவேண்டி வரும். புது டிஸ்க் போட்ட காரை எடுத்துப்போய்ப் பழையதே நன்றாக இருந்தது என்று திரும்பி வருகிறவர்கள் இதனால்தான் வருகிறார்கள்.

பிறகு ஏன் உலகம் முழுக்க டிஸ்க்குக்குப் போனது? வெப்பம், தண்ணீர், நேராக நிற்பது. இந்த மூன்றுக்காகத்தான்.

வெப்பத்தைக் கணக்காகவே பார்ப்போம். நான்கு பேரும் சாமான்களும் ஏறிய மைனர் ஏறக்குறைய 1100 கிலோ என்று வையும். 80 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒருமுறை முழுதாக நிறுத்தினால் பிறேக்குக்குள் போகிற சக்தி சுமார் 270 கிலோஜூல். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். இறம்பொடை வழியாகக் கம்பளை, கண்டிப் பக்கம் இறங்கும்போது சுமார் 1350 மீற்றர் கீழே வருகிறீர். அந்த இறக்கத்தில் கார் இழக்கிற சக்தி 14,000 கிலோஜூலைத் தாண்டும். 80இலிருந்து ஐம்பது தடவைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம் அது. கியரும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சமெல்லாம் பிறேக்குக்குத்தான். டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே போகும், லைனிங்கின் பிடியும் குறையும். டிஸ்க் சூடேறினால் தடித்துப் பாட்டின் பக்கம்தான் வரும். காற்றும் அதில் நேரே படும். மலைநாட்டுக்கு டிஸ்க் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காக.

யாழ்ப்பாணத்துக்குள் இப்படி ஓர் இறக்கம் எங்கே இருக்கிறது? குடாநாடு முழுக்கத் தட்டை நிலம். இங்கேயே ஓடுகிற காருக்கு நல்ல நிலையிலுள்ள டிரம் தாராளமாகப் போதும். இங்கே டிஸ்க்குக்கு உண்மையான நியாயம் மாரி மழைதான். ஐப்பசி கார்த்திகையில் ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கும். அதற்குள் ஓடி வந்தால் டிரம்முக்குள் தண்ணீர் போய், நாலைந்து மிதிக்கு ஒன்றுமே பிடிக்காது. பிறகு ஒரு பக்கம் மட்டும் காய்ந்து, அந்தப் பக்கமாக வெட்டி இழுக்கும். ஆப்புப் பெருக்கம் இருப்பதால் இரண்டு பக்கத்துக்கும் இடையிலான சிறிய உராய்வு வேறுபாடும் பெரிதாகத் தெரியும். டிஸ்க் ஒரு சுற்றிலேயே தண்ணீரை எறிந்துவிடும்.

இனி, டிஸ்க்குக்கு முதல் செய்யவேண்டியதற்கு வருகிறேன். இதை விட்டுவிட்டு டிஸ்க் போடுவதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

மைனரின் பிறேக் ஒற்றைச் சுற்று. மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, அதிலிருந்து நான்கு சில்லுக்கும் ஒரே எண்ணெய். எங்காவது ஒரு குழாய் வெடித்தால், ஒரு ஹோஸ் கிழிந்தால், நான்கு சில்லும் ஒரே நேரத்தில் போய்விடும். கைப்பிறேக் மட்டும்தான் மிஞ்சும். விலைகூடிய டிஸ்க்கைப் போட்டாலும் அந்த ஆபத்து அப்படியே இருக்கும். நமது கடற்காற்றில் பழைய இரும்புக் குழாய்கள் வெளியே வண்ணத்தோடு நன்றாகத் தெரியும், கிளிப் பிடித்த இடத்தில் மட்டும் உள்ளுக்குள் தின்றிருக்கும். நகத்தால் சுரண்டிப் பாரும், விளங்கும். முதலில் எல்லாக் குழாயையும் செம்பு நிக்கல் கலப்புக் குழாயாக மாற்றும். மூன்று ஹோஸையும் புதிதாகப் போடும். பிறகு முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்றுள்ள இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றும். மைனருக்கென்றே செய்த இரட்டைச் சிலிண்டர் கிட்டுகள் இங்கிலாந்தில் கிடைக்கின்றன. கையில் உள்ள பணம் ஒரு வேலைக்குத்தான் காணும் என்றால், டிஸ்க்கை விட்டுவிட்டு இதைச் செய்யும்.

மாஸ்டர் சிலிண்டர் இருக்கிற இடம் உமக்குத் தெரிந்திருக்கும். றைவரின் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில், சட்டத்துக்குள். எண்ணெய் பார்க்கவே கம்பளத்தைத் தூக்கி மூடியைக் கழற்றவேண்டும். அதனாலேயே பலர் பார்ப்பதில்லை. அதைக் கழற்றப் போனால் டோர்ஷன் பார் குறுக்கே நின்று போல்ட்டை உருவ விடாது. டோர்ஷன் பார் என்பது காரின் முன்பக்கப் பாரத்தை முறுக்காகத் தாங்கி வைத்திருக்கிற கம்பி. அதன் முறுக்கை முறைப்படி இறக்காமல் கழற்றினால் கையோ காலோ போகும். செய்து பழகிய ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யும்.

அடுத்தது முன் சில்லைத் தாங்குகிற ட்ரனியன்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று, மரையில் சுழல்கிற பாகங்கள். கிறீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால் ஒருநாள் கழன்று, முன் சில்லு அப்படியே மடிந்து விழும். மைனரின் மிகப் பெயர்பெற்ற குறை இதுதான். ஆயிரம் மைலுக்கு ஒருமுறையாவது கிறீஸ் அடிக்கவேண்டும், அதுவும் சில்லைத் தூக்கி வைத்து. டிஸ்க் வந்தால் பிறேக் பிடிக்கும்போது இந்தப் பாகங்களுக்கும், கீழ்க் கையை முன்னால் இழுத்துப் பிடிக்கிற கம்பியின் றப்பர்களுக்கும் வருகிற இழுவை கூடும். ஆடுகிற ட்ரனியன்மேல் புது டிஸ்க் போடுவது, உளுத்த தூணில் புது ஓடு ஏற்றுவது மாதிரி.

சரி, இவையெல்லாம் முடிந்தன. டிஸ்க் எதைப் போடுவது?

மைனருக்கென்று செய்த கிட்டைத்தான் போடச் சொல்வேன். பழைய டிரம்மின் பின்தட்டு, முன் சில்லு சுழல்கிற அச்சான ஸ்டப் அக்சிலில் நான்கு போல்ட்டில் நிற்கிறது. கிட்டின் பிராக்கெட் அதே நான்கு துளையில் ஏறும். எதையும் வெட்டவேண்டாம், ஒட்டவேண்டாம், நாளைக்கு மனம் மாறினால் பழையபடி டிரம்முக்குத் திரும்பலாம். காற்றோட்டத் துளையுள்ள தடித்த டிஸ்க் தேவையில்லை. 37 குதிரை வலுவுள்ள காருக்குச் சாதாரண டிஸ்க் போதும்.

கராஜ்காரர் சொன்ன ஜப்பான் டிஸ்க்கில் எனக்குப் பயமான இடங்களைச் சொல்கிறேன். மைனரின் சில்லைப் பூட்டுகிற நான்கு ஸ்டட்டும் 4 அங்குல வட்டத்தில் நிற்கின்றன, அதாவது 101.6 மில்லிமீற்றர். சின்ன ஜப்பான் கார்கள் பலவற்றில் அது 100 மில்லிமீற்றர். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தட்டினால் ஏறியும் விடும். ஆனால் ஒவ்வொரு ஸ்டட்டும் 0.8 மில்லிமீற்றர் வளைந்து நிற்கும், நட்டு தன் இருக்கையில் முழுதாக உட்காராது. ஓடும்போது நட்டு இளகுவதும் ஸ்டட் முறிவதும் இப்படித்தான். லேத் வேலைக்காரர் டிஸ்க்கில் புதுத் துளை போடுகிறார் என்றாலும், டிஸ்க்கின் நடுத்துளை ஹப்பில் இறுக்கமாக உட்காரவேண்டும். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் ஆட்டம் 0.1 மில்லிமீற்றருக்குள் இருக்கவேண்டும். டயல் கேஜ் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்கவேண்டாம்.

பிராக்கெட்டை அங்கேயே தகடு வெட்டிச் செய்வார்கள். தடித்த தகடாக இருக்கட்டும், 8.8 தரத்துக்குக் குறையாத போல்ட்டாக இருக்கட்டும். ஸ்டப் அக்சிலில் ஒட்டுவதற்கு மட்டும் விடவேண்டாம். வெல்டிங் சூடு பட்ட உருக்கு எங்கே எப்போது விடும் என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்று மரை. இதில்தான் உயிர் இருக்கிறது. மைனரின் குழாய் நட்டுகள் 3/8 அங்குல யூஎன்எஃப் மரை. ஜப்பான் கலிப்பரில் 10 மில்லிமீற்றர், 1 மில்லிமீற்றர் இடைவெளி மரை. 3/8 அங்குலம் என்பது 9.5 மில்லிமீற்றர், மரை இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் அங்குல நட்டு மில்லிமீற்றர் துளைக்குள் போகும், இறுகியது போலவும் காட்டும். மரையின் நுனி மட்டும்தான் கவ்வியிருக்கும். அவசரத்துக்கு உதைத்து மிதிக்கிற அன்றைக்குப் பிய்த்துக்கொண்டு வரும். ஒவ்வொரு இணைப்பையும் மரை அளக்கும் கேஜால் நீரே பாரும். ஒரு முனை அங்குலமும் மறு முனை மில்லிமீற்றருமாகச் செய்த ஹோஸை வாங்கிப் போடும்.

கலிப்பரில் காற்று எடுக்கிற நிப்பிள் மேல்பக்கம் நிற்கவேண்டும். இடதையும் வலதையும் மாற்றிப் பூட்டினால் நிப்பிள் கீழே வரும். பிறகு நாள் முழுக்கக் காற்று எடுத்தாலும் பெடல் பஞ்சுபோலத்தான் இருக்கும்.

என்னுடைய சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லவேண்டும். நான் முதன்முதல் மைனர் ஒன்றுக்கு டிஸ்க் போட்டபோது பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டேன். கார் நகருக்குள் நன்றாக ஓடியது. ஆனையிறவைத் தாண்டிக் கிளிநொச்சிக்குப் போகும்போது இழுவை குறைந்து, கருகிய மணம் வந்தது. இறங்கிப் பார்த்தால் முன் சில்லு இரண்டும் கை வைக்க முடியாத சூடு. காலை எடுத்த பிறகும் பாட்டுகள் டிஸ்க்கைப் பிடித்தபடியே இருந்தன. காரணம், அந்த மாஸ்டர் சிலிண்டரின் முனைக்குள் இருக்கிற சின்ன வால்வு. டிரம் பிறேக்குக்குக் குழாய்க்குள் எப்போதும் கொஞ்சம் அழுத்தம் நிற்கவேண்டும் என்று அதை வைத்திருக்கிறார்கள். டிரம்முக்குள் ஷூவை இழுக்க வலிய ஸ்பிரிங் இருப்பதால் அந்த அழுத்தம் பாதிக்காது. கலிப்பரில் ஸ்பிரிங் இல்லை. மிச்ச அழுத்தம் முழுவதும் பாட்டை அழுத்திக்கொண்டே இருக்கும். அன்றைக்கு வீதியோரத்தில் நிப்பிளைத் திறந்து அழுத்தத்தை விட்டுவிட்டு, ஆறவிட்டு, மெல்ல மெல்லத் திரும்பி வந்தேன். காருக்குள் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு பதைக்கும்.

அந்த வால்வைக் கழற்றினால் வேலை முடிந்தது என்று அடுத்த தடவை நினைத்தேன். அதுவும் சரிவரவில்லை. மைனரில் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் இருக்கிறது, கலிப்பர் அதைவிட உயரத்தில். இரவு முழுக்கக் கார் நின்றால் எண்ணெய் மெல்லக் கீழே இறங்கும். காலையில் முதல் மிதி தரைவரை போகும், இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும். ஆகவே மாஸ்டரின் உள் வால்வை எடுத்துவிட்டு, முன் டிஸ்க்குக்குப் போகிற குழாயில் சதுர அங்குலத்துக்கு 2 இறாத்தல் அழுத்தம் நிறுத்துகிற வால்வும், பின் டிரம்முக்குப் போகிற குழாயில் 10 இறாத்தல் அழுத்த வால்வும் தனித்தனியாகப் போடவேண்டும். இரட்டைச் சுற்று இருந்தால் இது மிக இலகு. அதை முதலில் செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சேர்வோவைப் பற்றி. என்ஜினின் உறிஞ்சலால் குழாய் அழுத்தத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கித் தருகிற தனிச் சேர்வோ ஒன்றைப் பொனற்றுக்குள் பொருத்தலாம். உறிஞ்சல் குழாயில் ஒருவழி வால்வு கட்டாயம். கார் நடுவழியில் நின்றாலும் இரண்டு மிதிக்காவது உதவி மிச்சம் இருக்கவேண்டும். ஆனால் சேர்வோவை நான்கு சில்லுக்கும் பொதுவாகப் போட்டால், பெருக்கிய அழுத்தம் பின் டிரம்முக்கும் போகும். பின் டிரம் அந்த அழுத்தத்தை இன்னும் பெருக்கும். அதே நேரத்தில், நிறுத்தும்போது காரின் பாரம் முன்னுக்குச் சாய்ந்து பின் சில்லு இலேசாகியிருக்கும். விளைவு, ஈர வீதியில் பின் சில்லு முதலில் பூட்டி, கார் பம்பரமாகச் சுழலும். முன் சில்லு முதலில் பூட்டினால் கார் நேரே வழுக்கும், பின் சில்லு முதலில் பூட்டினால் உமது கையில் ஒன்றுமில்லை. ஆகவே சேர்வோவை முன் சுற்றுக்கு மட்டும் போடும். பொதுவாகப் போட்டே ஆகவேண்டும் என்றால் பின் குழாயில் அழுத்தம் குறைக்கும் வால்வு வேண்டும். பின் டிரம்மை டிஸ்க்காக மாற்றவேண்டிய தேவையே இல்லை. கைப்பிறேக்கும் அங்கேயே நல்லபடியாக இருக்கட்டும்.

மூல 14 அங்குல ரிம் கலிப்பருக்கு மேலால் போகுமா என்று வாங்க முதலே கேட்டுக்கொள்ளும். பூட்டிய பிறகு கலிப்பரின்மேல் கொஞ்சம் களிமண் அப்பி, சில்லைப் போட்டுக் கையால் சுற்றிப் பாரும். 3 மில்லிமீற்றராவது இடைவெளி இருக்கவேண்டும்.

நம்மூர்ப் பழக்கம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். 1990களில் பெற்றோல் இல்லாமல் இந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம், கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து. அந்தக் காலத்திலிருந்து எதையும் மண்ணெண்ணெயில் கழுவுவது கைப்பழக்கமாகிவிட்டது. பிறேக் பாகங்களை மட்டும் கழுவவேண்டாம். மண்ணெண்ணெய், பெற்றோல், என்ஜின் ஒயில் எது பட்டாலும் பிறேக்கின் றப்பர் ஊதிப்போகும். பிறேக் ஒயிலால் அல்லது ஸ்பிரிற்றால் கழுவும். பழைய லைனிங்கில் கல்நார் இருந்திருக்கும், டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசு பறக்கவிடவும் வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறியும்.

மலைநாட்டுப் பயணம் வருடத்தில் ஒருமுறைதான், பணமும் யோசனையாக இருக்கிறது என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது. 1962க்குப் பிறகு வந்த மைனரின் 8 அங்குல முன் டிரம்மைப் பின்தட்டோடு எடுத்து உமது காரில் பூட்டலாம். அது அப்படியே ஏறும், மாஸ்டரின் வால்வில் கை வைக்கத் தேவையில்லை, காரின் தோற்றமும் மாறாது. டிரம்மை லேத்தில் கடைந்து வட்டமாக்கி, ஷூவை அந்த வட்டத்துக்கு ஒத்துவரத் தேய்த்து, அட்ஜஸ்டரை ஒவ்வொரு பக்கமும் ஒரே அளவுக்கு ஏற்றிவிட்டால், பழைய 7 அங்குலத்தோடு ஒப்பிட முடியாத பிறேக் கிடைக்கும். யாழ்ப்பாணத்துக்குள் மட்டும் ஓடுகிற கார் என்றால் இதைத்தான் நான் செய்வேன். மலையில் இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்கவேண்டும் என்பது எந்தப் பிறேக்குக்கும் பொருந்தும்.

நீர் சொன்ன பயணத் திட்டத்துக்கு என்னுடைய ஒழுங்கு இது: குழாய்களும் ஹோஸும் ட்ரனியனும் இப்போதே. இரட்டை மாஸ்டர் அடுத்தது. டிஸ்க் கிட்டும் முன் சுற்றுச் சேர்வோவும் கடைசியில். மூன்றாவது முடியும்வரை நுவரெலியாப் பக்கம் போகவேண்டாம்.

பூட்டி முடித்த அன்றைக்கு உடனே வீதிக்கு எடுக்கவேண்டாம். என்ஜினை ஓடவிட்டு, முழுப் பலத்தோடு பெடலை ஒரு நிமிடம் மிதித்து வைத்துக்கொள்ளும். இன்னொருவர் நிலத்தில் படுத்து ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் தாளால் துடைத்துப் பார்க்கட்டும். ஈரம் தெரியக்கூடாது. பிறகு ஆளில்லாத வீதியில் 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 20க்குக் குறைத்து, சற்று ஓடி ஆறவிட்டு, மறுபடியும் குறைத்து, இப்படி இருபது தடவை. பாட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகும். திரும்பி வந்ததும் நான்கு சில்லிலும் கை வைத்துப் பாரும். முன் இரண்டும் ஒரே சூடாக இருக்கவேண்டும். காரைத் தூக்கிச் சில்லைக் கையால் சுற்றினால் இலேசாகச் சுற்றவேண்டும். அடுத்த நாள் காலை, ஸ்டார்ட் செய்ய முதல், பெடலை ஒரு தடவை மிதியும். முதல் மிதியிலேயே பிடித்தால் வால்வுகள் சரி. 500 கிலோமீற்றர் ஓடியதும் கலிப்பர் போல்ட்டுகளையும் சில்லு நட்டுகளையும் டோர்க் ஸ்பனரால் ஒருமுறை பார்த்து, கழற்றிய பழைய டிரம்களைக் கிறீஸ் பூசிச் சாக்கில் சுற்றி அப்பாவின் பெட்டியிலேயே வைத்துவிடும்.